சாகக் கிடந்தவரிடம் "இன்னும் தேடு" என்றார்கள்: லூத்தரன் போதனை என்ன சொல்கிறது?

நாவலடி நெய்தல் | திங்கள், இரவு 9.42

என் மாமா, அம்மாவின் தம்பி, போன மாதம் இறந்தார். 31ஆம் நாள் நினைவு வழிபாட்டில் குடும்பத்தின் சார்பில் பேச வேண்டியவன் நான். என்ன பேசுவதென்று தெரியாமல் இங்கே எழுதுகிறேன்.

மாமா கரைவலைக்காரர். 2004 டிசம்பர் 26 காலையில் நாவலடியில் அவருடைய ஏழு வயது மகளைக் கடல் கொண்டுபோனது. அதன் பிறகு கசிப்பில், அந்தக் கள்ளச் சாராயத்தில், விழுந்தார். ஆனால் எல்லாப் பழியையும் கடல்மீது போட என் மனம் ஒப்பவில்லை. அதற்கு முன்பே மாமிக்கு அடி விழுந்ததை எங்கள் வளவில் எல்லோரும் அறிவோம். பிறகு ஆறு வருடம் வாழைச்சேனையில் வேறொரு பெண்ணோடு இருந்தார். ஈரல் கெட்டு வயிறு ஊதிய பிறகுதான் திரும்பி வந்தார். அம்மாதான் வைத்துப் பார்த்தார்.

கடைசிப் பதினொரு நாட்கள் வைத்தியசாலையில். "ஒரு போதகரைக் கூட்டிவா, மருமகன்" என்று மாமாவே கேட்டார். கூட்டிவந்தேன். எந்தச் சபை என்று சொல்லமாட்டேன். அவர் நல்ல எண்ணத்தோடுதான் வந்தார். மாமியை அடித்தது, வலைப்பங்குக் காசில் ஏமாற்றியது, வாழைச்சேனைக் கதை, எல்லாவற்றையும் மாமா சொன்னார். திரைக்குப் பின்னால் நின்று நானும் கேட்டேன். முடிந்ததும், "உள்ளத்தில் சமாதானம் வந்துவிட்டதா?" என்று போதகர் கேட்டார். "இல்லை" என்றார் மாமா. "அப்படியானால் இன்னும் எதையோ மறைக்கிறீர்கள். தேடிப் பாருங்கள். முழுமையாக மனந்திரும்பினால் சமாதானம் வரும்" என்று சொல்லி, ஜெபித்துவிட்டுப் போனார்.

மூன்று இரவுகள் மாமா தேடினார். சிறுவயதில் பக்கத்து வளவில் மாங்காய் களவெடுத்ததுவரை என்னிடம் சொன்னார். நாலாம் நாள் விடியற்காலையில், "எனக்கு இன்னும் ஒன்றும் நினைவுக்கு வரவில்லையே, மருமகன்" என்றார். தெளிவாகப் பேசிய கடைசி வார்த்தை அதுதான்.

பாவிக்குத் தேவனுடைய இரக்கத்தை லூத்தரன்கள் வேறுவிதமாகச் சொல்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

கல்முனைப் பழைய மாணவன் | திங்கள், இரவு 11.15

தம்பி, உங்கள் பதிவை இரண்டு முறை வாசித்தேன். நான் மெதடிஸ்த வீட்டில் பிறந்தவன். இளமையில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள குருகுல் லூத்தரன் இறையியல் கல்லூரியில் படித்தேன். வயது போய்விட்டது, ஆனால் அங்கே கற்ற ஒன்று மட்டும் மறக்கவில்லை. நீங்கள் கேட்பது அந்த ஒன்றைத்தான்.

உங்கள் மாமாவுக்கு நடந்தது, லூத்தரன் சபைகளுக்குப் பெயர் தந்த மார்ட்டின் லூத்தருக்கும் நடந்தது. 1505இல் எர்ஃபுர்ட் நகரத்தில் அகுஸ்தீன் துறவிகளின் மடத்தில் சேர்ந்தவர், மணிக்கணக்காகப் பாவ அறிக்கை செய்வார். அறையை விட்டு வெளியே வந்ததும் இன்னொன்று நினைவுக்கு வரும், திரும்ப ஓடுவார். சொன்ன பாவம் மன்னிக்கப்பட்டது, சொல்லாமல் விட்ட பாவம் என்ன ஆகும் என்ற பயம். உங்கள் மாமாவின் மூன்று இரவுகளை அவர் ஆண்டுக்கணக்காக அனுபவித்தார்.

அதனால்தான் 1530இல் லூத்தரன்கள் பேரரசர் முன்னிலையில் வாசித்த ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் 11ஆம் பிரிவில், பாவ அறிக்கையில் எல்லாப் பாவங்களையும் எண்ணிச் சொல்ல வேண்டியதில்லை, அது இயலாத காரியம் என்று எழுதிவைத்தார்கள். காட்டிய ஆதாரம் 19ஆம் சங்கீதம்: "தன் பிழைகளை உணருகிறவன் யார்? மறைவான குற்றங்களுக்கு என்னை நீங்கலாக்கும்." விசுவாசத்தைக் கேள்வி பதிலாகக் கற்பிக்கும் லூத்தரின் சிறு நூலான சிறிய ஞானோபதேசம் இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறது. ஒருவனுக்குச் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை என்றால் அவன் கவலைப்படவும் வேண்டாம், பாவங்களைத் தேடவும் வேண்டாம், புதிதாக உண்டாக்கவும் வேண்டாம். அப்படிச் செய்தால் பாவ அறிக்கை சித்திரவதையாகிவிடும் என்கிறது. உங்கள் மாமாவிடம் கேட்டதை, எந்தப் போதகரும் யாரிடமும் கேட்கக் கூடாது என்று ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்திருக்கிறார்கள்.

லூத்தரன்கள் வேதத்தை இரண்டு வார்த்தைகளாகக் கேட்கிறார்கள். நியாயப்பிரமாணம், சுவிசேஷம். முதலாவது, நீ செய்ததற்குப் பெயர் வைக்கிறது, உன்னை உடைக்கிறது. இரண்டாவது, உடைந்தவனுக்குக் கிறிஸ்துவைக் கொடுக்கிறது. அவனிடம் எதையும் கேட்பதில்லை. இரண்டும் தேவனுடைய வார்த்தையே. எதை யாரிடம் எப்போது சொல்வது என்பதில்தான் போதகரின் முழு வேலையும் இருக்கிறது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் வால்தர் என்ற லூத்தரன் ஆசிரியர் 1884, 1885ஆம் ஆண்டுகளில் வெள்ளிக்கிழமை மாலைகளில் தம் மாணவர்களுக்கு இதை மட்டுமே பாடமாக நடத்தினார். மொத்தம் 25 கருத்துரைகள். அவற்றில் ஒன்பதாவதை உங்களுக்காகவே எடுத்துச் சொல்கிறேன்: நியாயப்பிரமாணத்தால் அடிபட்டுப் பயந்து நிற்பவனை வார்த்தையிடமும் ஞானஸ்நானம் போன்ற திருச்சடங்குகளிடமும் அனுப்பாமல், கிருபை கிடைத்ததை உணரும்வரை ஜெபித்துப் போராடு என்று அவனையே அவனுக்குள் அனுப்புவது தவறு.

"சமாதானம் வந்துவிட்டதா" என்ற கேள்வி அதுதான். மாமா ஏற்கெனவே உடைந்திருந்தார். உடைந்தவரிடம் மறுபடியும் நியாயப்பிரமாணத்தைக் கொடுத்தார்கள். அதுவும் சுவிசேஷத்தின் குரலில் கொடுத்தார்கள். அதனால்தான் அதிலிருந்து அவரால் தப்ப முடியவில்லை. ஒரு லூத்தரன் போதகர் அந்தக் கட்டிலருகில் நின்றிருந்தால், "உன் உள்ளத்தில் என்ன இருக்கிறது" என்று கேட்டிருக்கமாட்டார். கையைத் தலைமேல் வைத்து, "உன் பாவங்கள் மன்னிக்கப்பட்டன" என்று சொல்லியிருப்பார். மன்னிப்பு அந்த வார்த்தையில் வருகிறது. காய்ச்சலில் கிடப்பவனின் நெஞ்சுக்குள் அதைத் தேட வேண்டியதில்லை.

ஒன்று கேட்கிறேன். மாமா ஞானஸ்நானம் பெற்றவரா?

நாவலடி நெய்தல் | செவ்வாய், காலை 6.20

ஆம் ஐயா. கைக்குழந்தையாக, மெதடிஸ்த ஆலயத்தில். சான்றிதழ் அம்மாவின் பெட்டியில் இருக்கிறது.

படுவான்கரை வேளாண்மை | செவ்வாய், காலை 7.05

துக்கத்தில் இருக்கும் தம்பியை நோகடிக்க எண்ணமில்லை. ஆனால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் கிராமத்தில் குடித்துவிட்டு வந்து மனைவியின் காதை அறுந்துபோகும்படி அடித்தவன், ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் உட்கார்ந்து "கிருபை, கிருபை" என்று பாடுகிறான். களை பிடுங்காத வயலுக்கு உரம் போட்டால் களைதான் தழைக்கும். நிபந்தனை இல்லாத இரக்கம் என்று சொல்லிச் சொல்லியே ஊரைக் கெடுக்கிறோம் என்பது என் துணிபு.

கல்முனைப் பழைய மாணவன் | செவ்வாய், காலை 10.30

ஐயா, நீங்கள் சொல்லும் அந்த முன்வரிசை மனிதனுக்கு நான் சுவிசேஷம் சொல்லவே மாட்டேன். அவனுக்கு உரியது முதலாவது வார்த்தை. அதை ஒரு சொட்டும் தண்ணீர் கலக்காமல் சொல்ல வேண்டும். 1530களின் இறுதியில் அக்ரிகோலா என்பவர், கிறிஸ்தவர்களுக்கு நியாயப்பிரமாணத்தைப் பிரசங்கிக்க வேண்டியதில்லை என்றபோது, லூத்தர் தம் பழைய நண்பர் என்றும் பாராமல் அவரை எதிர்த்து நின்றார். 1517இல் வெளியிட்ட 95 கருத்துரைகளில் முதலாவதே, விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதுதான். நாசிகள் தூக்கிலிட்ட டீட்ரிக் போன்ஹோபர் ஒரு லூத்தரன் போதகர். தம் சொந்தச் சபையார் கிருபையை மலிவாக்கிவிட்டார்கள் என்று 1937இல் அவர் எழுதியது, நீங்கள் சொல்வதையேதான்.

ஆனால் களைக்கும் நாற்றுக்கும் வேறுபாடு தெரியாமல் மருந்தடித்தால் என்ன ஆகும் என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். வைத்தியசாலைக் கட்டிலில் கிடந்தவர் முன்வரிசைக்காரர் அல்ல. லூக்கா சுவிசேஷம் 18இல் தூரத்தில் நின்று, "பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்று மார்பில் அடித்துக்கொண்டவன் அவர்.

தம்பிலுவில் ஆசிரியை | செவ்வாய், இரவு 8.50

எல்லாவற்றையும் வாசித்தேன். முதல் பதிவில் மாமி இரண்டு இடங்களில் வருகிறார். அடிபட வருகிறார். பிறகு, அவரை அடித்ததை மாமா அறிக்கை செய்யும்போது வருகிறார். அதற்குப் பிறகு யாருமே அவரைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

பாவிக்கு இரக்கம் என்று பேசும் பிரசங்கங்களை என் வாழ்நாள் முழுவதும் கேட்டிருக்கிறேன். பாவியால் அடிபட்டவளுக்கு என்ன என்று ஒருவரும் பேசியதில்லை. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் நான் இரண்டு பிள்ளைகளோடு அம்மாவின் வீட்டுக்கு வந்தேன். சபை மூப்பர்கள் மூன்று பேர் வந்தார்கள். என் கணவர் அழுது அறிக்கை செய்துவிட்டாராம், தேவன் மன்னித்துவிட்டாராம், தேவனே மன்னித்தவரை நான் மன்னிக்காமல் இருப்பது பெருமையாம். திரும்பிப் போனேன். நான்காம் மாதம் மணிக்கட்டு முறிந்தது. இன்றைக்கும் மழைக்காலத்தில் கரும்பலகையில் எழுதும்போது அந்த இடம் வலிக்கும்.

ஐயா, உங்கள் லூத்தரன் போதனையில் என்னைப் போன்றவளுக்கு இடம் எங்கே? உண்மையாகவே கேட்கிறேன். இருந்தால் சொல்லுங்கள்.

கல்முனைப் பழைய மாணவன் | புதன், அதிகாலை 5.10

தங்கை, முதலில் மன்னிப்புக் கேட்கிறேன். நான் எழுதிய நீண்ட பதிவில் உங்களுக்கும் அந்த மாமிக்கும் ஒரு வரிகூட இல்லை. அது என் குறை.

இரவு முழுவதும் யோசித்து எழுதுகிறேன். உங்கள் வீட்டுக்கு வந்த மூன்று பேரும், மாமாவின் கட்டிலுக்கு வந்தவரும் செய்தது ஒரே பிழை. மாமாவிடம் சுவிசேஷத்தை நியாயப்பிரமாணமாக்கினார்கள். சமாதானத்தை உணர் என்று கட்டளையிட்டார்கள். உங்களிடமோ, உங்கள் கணவருக்குக் கிடைத்த மன்னிப்பை உங்களுக்கான கட்டளையாக்கினார்கள். திரும்பிப் போ என்றார்கள். ஒருவனுக்குச் சொல்லப்படும் பாவமன்னிப்பு அவனுக்கும் தேவனுக்கும் நடுவில் நிற்கும் வார்த்தை. மூன்றாம் ஆளின் தோளில் அதைச் சுமையாக ஏற்ற எவருக்கும் அதிகாரம் கிடையாது.

லூத்தரின் பெரிய ஞானோபதேசத்தில் "கொலை செய்யாதிருப்பாயாக" என்ற கற்பனைக்கு அவர் எழுதிய விளக்கத்தைப் பாருங்கள். கையால் கொல்லாமல் இருந்தால் மட்டும் போதாது. அயலானைத் தீங்கிலிருந்து காக்க முடிந்தும் காக்காமல் விட்டவனும் அந்தக் கற்பனையை மீறியவன்தான் என்கிறார். அந்தக் கணக்கில், உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிய மூன்று பேரும், லூத்தரன்கள் ஐந்தாவதாக எண்ணும் அந்தக் கற்பனையை மீறினார்கள். தேவன் ஒருவனை மன்னித்தாலும் பொலிஸும் நீதிமன்றமும் மன்னிக்க வேண்டியதில்லை. அவையும் தேவன் அயலானைக் காப்பதற்காக வைத்த ஒழுங்குகள் என்று ஆக்ஸ்பர்க் அறிக்கை 16ஆம் பிரிவில் சொல்கிறது. வரி வசூலித்த சகேயு, ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னதும் இயேசு அவன் வீட்டுக்கு வந்த பிறகுதான். ஆனால் கொடுப்பதாகச் சொன்னான். இரக்கம் பெற்றவன் கடனை மறைப்பதில்லை.

மன்னிப்பது உங்களுக்கு ஒருநாள் வரலாம், வராமலும் போகலாம். அதை உங்களிடம் கேட்க நான் யார்? உங்கள் மணிக்கட்டைத் தேவன் பார்த்தார் என்று மட்டும் சொல்கிறேன். அதை முறித்தவனிடம் பேசும் முதலாவது வார்த்தை உங்கள் பக்கம் நின்று பேசும் வார்த்தை.

தம்பிலுவில் ஆசிரியை | புதன், பிற்பகல் 2.40

பன்னிரண்டு வருடங்களில் எவரும் இப்படிச் சொல்லவில்லை. வகுப்புக்கு நேரமாகிவிட்டது. பிறகு எழுதுகிறேன்.

பாண்டிருப்பு வாசி | புதன், மாலை 6.15

நான் சைவன். இந்த இழையை மூன்று நாட்களாக வாசிக்கிறேன். எங்கள் பக்கத்தில் வைகாசி மாதம் கண்ணகை அம்மனுக்குக் குளிர்த்தி பாடுவோம் என்பது எல்லோருக்கும் தெரியும். மதுரையை எரித்த தாய் கோபம் தணிந்து குளிர வேண்டும் என்று ஊரே கூடி நிற்கும். அநீதியைப் பார்த்து எரிந்த கோபம் அது. அதை நாங்கள் குறையாக நினைப்பதில்லை. ஆசிரியை அக்கா எழுதியதை வாசித்தபோது அம்மனின் முகம்தான் நினைவுக்கு வந்தது. உங்கள் தேவனுக்கும் கோபம் உண்டா? உண்டென்றால் அதைக் குளிர்விப்பது யார்?

கல்முனைப் பழைய மாணவன் | புதன், இரவு 9.00

உண்டு, தம்பி. அடிபட்டவளைப் பார்த்துக் கோபம் வராத தேவனிடம் எனக்கு வேலையில்லை. குளிர்த்திப் பாட்டை என் சிறுவயதில் வேலிக்கு இப்பால் நின்று கேட்டிருக்கிறேன். அந்தக் கோபத்தின் முன் ஊரே பணிந்து நிற்பதில் ஓர் உண்மை இருக்கிறது.

உங்கள் கேள்விக்கு லூத்தரன்கள் சொல்லும் பதில் இது. குளிர்விக்க நம்மிடம் ஒன்றும் இல்லை. அதைச் செய்ததும் அவரே. "நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்ததினாலே" என்கிறார் பவுல். நாம் திருந்திய பிறகு என்று சொல்லவில்லை. 1518இல் ஹைடல்பெர்க் நகரில் லூத்தர் முன்வைத்த கடைசி இறையியல் கருத்துரை ஒன்றுண்டு. மனிதனின் அன்பு, தனக்குப் பிடித்தது ஒன்றைக் கண்ட பிறகே பிறக்கிறது. தேவனுடைய அன்போ தனக்குப் பிடித்ததை எங்கும் கண்டெடுப்பதில்லை, அதை உண்டாக்குகிறது. மாமாவிடம் நேசிக்கத்தக்கது என்ன இருந்தது என்று தேடினால் எனக்கும் அகப்படாது. தேவன் அப்படித் தேடுகிறவர் அல்ல.

புளியந்தீவுக் கத்தோலிக்கன் | வியாழன், காலை 8.30

சிறு குறிப்பு. இது லூத்தரன்களுக்கு மட்டும் உரிய சொத்து என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நீதிமானாக்கப்படுதல், அதாவது தேவன் பாவியை நீதிமானாக ஏற்றுக்கொள்வது, பற்றி 1999 ஒக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் எங்கள் திருச்சபையும் லூத்தரன் உலக ஐக்கியமும் கூட்டுப் பிரகடனத்தில் கையொப்பமிட்டன. 2006இல் மெதடிஸ்தர்களும் அதில் சேர்ந்தார்கள். எங்கள் குருவானவர்களிலும் சாகக் கிடப்பவரிடம் கேள்வி கேட்காமல் மன்னிப்பை வழங்கும் நல்லவர்கள் பலர் இருக்கிறார்கள்.

கல்முனைப் பழைய மாணவன் | வியாழன், காலை 9.45

உண்மை. நெய்தல் தம்பிக்கு அதோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும். மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி 1738 மே 24 மாலை லண்டனில் ஒரு கூட்டத்துக்கு மனமில்லாமல் போனார். அங்கே ஒருவர் ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை வாசித்துக்கொண்டிருந்தார். அதைக் கேட்டபோதுதான், தம் பாவங்களையும் கிறிஸ்து எடுத்துப்போட்டார் என்ற நிச்சயம் வெஸ்லிக்கு வந்தது. அந்த இயக்கத்திலிருந்து வில்லியம் ஓல்ட் 1814இல் மட்டக்களப்புக்கு வந்தார். உங்கள் மாமாவின் தலையில் தண்ணீர் ஊற்றிய சபைக்கும் லூத்தருக்கும் நடுவில் இவ்வளவு தூரம்தான்.

அந்தச் சான்றிதழைப் பெட்டியிலிருந்து எடுங்கள். மாமா மூன்று இரவு தமக்குள் தேடி ஒன்றும் அகப்படாமல் போனார். தேட வேண்டியது அந்தத் தாளில் இருந்தது. அவர் உணர்ந்தாலும் உணராவிட்டாலும், கைக்குழந்தையாக அழுதுகொண்டிருந்தபோதே, தேவன் அவருடைய பெயரைச் சொல்லி ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். சோதனை வந்தபோதெல்லாம் லூத்தர் பற்றிக்கொண்டது இதைத்தான்: நான் ஞானஸ்நானம் பெற்றவன். நினைவு வழிபாட்டில் இதைச் சொல்லுங்கள். மாமாவை நல்லவராக்க முயலாதீர்கள். ஆலயத்தில் மாமி உட்கார்ந்திருப்பார்.

படுவான்கரை வேளாண்மை | வியாழன், இரவு 7.30

ஐயா சொன்ன கடைசி வரிக்காக நன்றி. முன்வரிசைக்காரனைப் பற்றி எங்கள் மூப்பர் கூட்டத்தில் இந்த ஞாயிறு பேசப்போகிறேன். இதுவரை பேசாமல் இருந்தேன்.

நாவலடி நெய்தல் | 12 நாட்களுக்குப் பிறகு, இரவு 10.05

வழிபாடு முடிந்தது. மாமா செய்ததை மறைக்காமல் நான்கு வரிகளில் சொன்னேன். முன்னால் இருந்த உறவுக்காரர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. பிறகு சான்றிதழை எடுத்து வாசித்தேன். பெயர், திகதி, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே. அதோடு ரோமர் 4இலிருந்து, "பாவியை நீதிமானாக்குகிறவரிடத்தில் விசுவாசம்" என்ற வசனம். அவ்வளவுதான்.

இந்த இழையை மாமியிடம் முழுவதும் வாசித்துக் காட்டினேன். ஆசிரியை அக்காவின் பதிவை இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னார். பிறகு எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னார். மாமா பேச்சிழந்த அன்று மாலை, யாருக்கும் சொல்லாமல் மாமி வைத்தியசாலைக்குப் போயிருக்கிறார். கஞ்சி கொண்டுபோய் இரண்டு கரண்டி பருக்கியிருக்கிறார். ஒன்றும் பேசவில்லையாம். என்னிடம் கேட்டார்: "நான் அவரை மன்னித்துவிட்டேன் என்று இன்னும் சொல்ல முடியவில்லை, மகன். ஆனால் கடவுள் உன்னை மன்னித்துவிட்டார் என்று அன்றைக்கு அவருடைய காதில் சொல்லியிருக்கலாம். போதகர் இல்லாமல் நான் சொன்னால் அது செல்லுமா?"

ஐயா, நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

கல்முனைப் பழைய மாணவன் | மறுநாள், காலை 6.00

செல்லும். 1537இல் லூத்தரின் உடனுழைப்பாளர் மெலாங்தன் எழுதி லூத்தரன்கள் ஏற்றுக்கொண்ட ஆவணம் ஒன்றில், பழைய திருச்சபைத் தந்தை அகுஸ்தீன் சொன்ன கதை வருகிறது. கடலில் ஒரு கப்பல், அதில் இரண்டு கிறிஸ்தவர்கள், போதகர் இல்லை. ஒருவர் மற்றவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். பெற்றவர், கொடுத்தவருக்குப் பாவமன்னிப்பை அறிவித்தார். அவசர வேளையில் எந்த விசுவாசியும் அதைச் சொல்லலாம் என்பதற்கு அந்தக் கதையைத்தான் காட்டுகிறார்கள். கரைவலைக்காரரின் மனைவிக்கு அது விளங்கும்.

தான் இன்னும் மன்னிக்க முடியாத ஒருவருக்குத் தேவனுடைய மன்னிப்பைச் சொல்லியிருப்பேன் என்கிற அந்த அம்மாவிடம், எனக்குக் கற்பித்த ஆசிரியர்கள் எல்லோரும் உட்கார்ந்து பாடம் கேட்க வேண்டும். அந்த இரண்டு கரண்டிக் கஞ்சியைத் தேவன் எப்படிப் பார்த்தார் என்று எழுத எனக்குச் சொல் இல்லை.

தம்பிலுவில் ஆசிரியை | மறுநாள், மாலை 4.25

தம்பி, மாமியிடம் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள். அவருக்குச் சம்மதமென்றால் வரும் சனிக்கிழமை மட்டக்களப்பு பஸ்ஸில் வருகிறேன். கல்லடிப் பாலத்துக்கு முன்னாலேயே இறங்கினால் வீட்டுக்கு நடக்கும் தூரமா? பிள்ளைகளையும் கூட்டிவரலாமா என்று கேட்டுச் சொல்லுங்கள்.